பழைய பிஎச்பி நிரலை 8-க்கு மாற்றப் போகிறீர்களா? கன்ஸ்ட்ரக்டரை முதலில் பாருங்கள்

ஒரு சிறிய நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். முதலில் எழுதியவர், இணையதள நிரல்மொழியான பிஎச்பியின் 4-ஆம் பதிப்புக் காலத்துப் பழக்கத்தில் எழுதியிருந்தார். பிறகு யாரோ தரவுத்தள இணைப்பை மட்டும் மைசீக்வல்ஐ நீட்சிக்கு மாற்றியதால் 7.4 வரை ஓடிக்கொண்டிருந்தது. சர்வரில் பதிப்பை 8-க்கு மாற்றிய அன்று முகப்புப் பக்கம் அழகாகத் திறந்தது. தேடல் பொத்தானை அழுத்தியதும் "நல்" (காலி) மதிப்பின் மேல் மெத்தடை (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷனை) அழைக்கிறாய் என்று பிழை வந்து நின்றது. தரவுத்தளக் கடவுச்சொல், அனுமதி, சர்வர் அமைப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தவறு அங்கெல்லாம் இல்லை. ஒரு கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடி அதன் தொடக்க மதிப்புகளை நிரப்பும் மெத்தடான கன்ஸ்ட்ரக்டர் ஓடவே இல்லை, ஓடவில்லை என்று எந்தச் செய்தியும் வரவில்லை.

இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நிரல் வரிகளை ஒலிபெயர்த்துத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் கிளாஸ், ஃபங்ஷன், திஸ் போன்ற மொழிச் சொற்களை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பணச் செலவு எதுவும் இல்லை. நான் சொல்லும் கருவிகள் எல்லாமே இலவசம். ஆனால் கீழே உள்ளவை இல்லாமல் தொடங்காதீர்கள்.

- முழு நிரலின் நகல். கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) இருந்தால் தனிக் கிளை போதும். இல்லையென்றால் இன்றைக்கே கிட்டில் போட்டுவிடுங்கள்.
- தரவுத்தளத்தின் நகல்.
- எரர் லாக் (பிழைப் பதிவு) எந்தக் கோப்பில் விழுகிறது என்ற விவரம்.
- நிரல் பயன்படுத்தும் வெளி நூலகங்களின் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளின்) பட்டியல். கம்போசர் (இந்த நூலகங்களை நிர்வகிக்கும் கருவி) இருந்தால் அதன் "கம்போசர்.லாக்" கோப்பு (இது பிழைப் பதிவு அல்ல, பதிப்புகளைப் பூட்டி வைப்பது). பழைய நிரல்களில் பெரும்பாலும் "லிப்" என்றோ "இன்க்" என்றோ ஒரு கோப்புறைக்குள் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன கோப்புகள் கிடக்கும். அவற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள்.
- இப்போது ஓடும் பிஎச்பி பதிப்பு.

கடைசியாகச் சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. டெர்மினலில் பதிப்பைக் கேட்டால் வருவது கட்டளைவரி பிஎச்பியின் எண். இணையதளத்தை ஓட்டும் பிஎச்பி வேறு பதிப்பாக இருக்கலாம். ஆகவே பிஎச்பிஇன்ஃபோ அழைப்பை ஒரு பக்கத்தில் வைத்து உலாவியில் திறந்து பாருங்கள். பார்த்ததும் அந்தப் பக்கத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள், சர்வரின் உள்விவரம் எல்லாம் அதில் தெரியும்.

## 2. எந்தப் பதிப்பில் எது செல்லும்

பிஎச்பி 4-இல் கிளாஸின் பெயரையே ஒரு மெத்தடுக்கு வைத்தால் அதுதான் கன்ஸ்ட்ரக்டர்:

கிளாஸ் நூல்கணக்கு {
  வார் $இணைப்பு;
  ஃபங்ஷன் நூல்கணக்கு($இணைப்பு) {
    $திஸ்->இணைப்பு = $இணைப்பு;
  }
}

2004 ஜூலையில் வந்த 5.0-இல் இருந்து "__கன்ஸ்ட்ரக்ட்" என்ற ஒரே பெயர் எல்லாக் கிளாஸுக்கும் பொதுவானது. அந்தப் பெயரில் மெத்தட் இல்லையென்றால் மட்டும் பழைய வழக்கப்படி கிளாஸ் பெயரில் தேடும். அதனால் பழைய நிரலும் உடையாமல் ஓடியது.

5.3.3-இல், அதாவது 2010-இல், நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் தொகுப்புக்குள்) இருக்கும் கிளாஸ்களுக்கு மட்டும் இந்தச் சலுகை நின்றது. நேம்ஸ்பேஸ் இல்லாத கிளாஸ்களுக்குத் தொடர்ந்தது.

2015 டிசம்பரில் வந்த 7.0 முதல் 7.4 வரை பழைய முறை ஓடும், ஆனால் "டெப்ரிகேட்டட்" (இனி கைவிடப்படும்) எச்சரிக்கை வரும். 2020 நவம்பர் 26-இல் வந்த 8.0-இல் பழைய முறை முழுதாகப் போய்விட்டது. கிளாஸ் பெயரில் உள்ள மெத்தட் இப்போது மற்ற மெத்தட்களைப் போல ஒரு சாதாரண மெத்தட்தான்.

8-இல் பிழைச் செய்தி வராததற்குக் காரணம் இதுதான். மொழியின் கண்ணில் உங்கள் நிரலில் தவறு எதுவும் இல்லை, கன்ஸ்ட்ரக்டர் இல்லாத ஒரு கிளாஸ் இருக்கிறது, அவ்வளவுதான். "நியூ நூல்கணக்கு($இணைப்பு)" என்று மதிப்பு கொடுத்து அழைத்தாலும், வாங்கிக்கொள்ள ஆளில்லாத அந்த மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். ஆப்ஜெக்ட் உருவாகிவிடும், உள்ளே எல்லாம் காலியாக இருக்கும். வெடிப்பது பத்து கோப்பு தள்ளி, வேறு யாரோ அந்தக் காலி மதிப்பைத் தொடும்போது. அல்லது வெடிக்காமலே போகலாம். தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கன்ஸ்ட்ரக்டர் நிரப்பும் இடம் காலியாக இருந்தால், கணக்கு சுழியமாக வரும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எனக்கு உண்மையில் பயம் தந்தது இந்த இரண்டாவது வகைதான்.

## 3. 7.4-இல் நின்றுகொண்டே தேடுங்கள்

நேரே 8-க்குத் தாவி, உடைவதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தவறைச் சுட்டிக்காட்டுவது 7.0 முதல் 7.4 வரையிலான பதிப்புகள் மட்டுமே. 5 சொல்லாது, 8-ம் சொல்லாது. நிரல் இன்னும் 5.6-இல் இருந்தால் முதலில் 7.4-க்கு வந்து, இந்த வேலையை முடித்துவிட்டு, அப்புறம் 8-க்குப் போங்கள்.

7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-ஓடு நின்றுவிட்டன. ஆகவே இந்தச் சோதனைக்கென்று அதைப் புதிதாக இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம், உங்கள் கணினியில் மட்டும் ஓட்டுங்கள். டாக்கர் (தனித்தனிச் சூழலில் நிரல்களை ஓட்டும் கருவி) இருந்தால் அதிகாரப்பூர்வ பிஎச்பி இமேஜ்களில் 7.4-ம் 8.x-ம் அருகருகே கிடைக்கும். இரண்டையும் இறக்கி வையுங்கள், ஏழாவது படியில் இரண்டும் வேண்டும்.

இனி, ஒவ்வொரு கோப்பையும் 7.4-இன் கட்டளைவரி பிஎச்பியில் "-எல்" தேர்வோடு ஓட்டுங்கள். இது நிரலை இயக்காது, இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். கூடவே எரர் ரிப்போர்ட்டிங்கை -1 என்றும், டிஸ்ப்ளே எரர்ஸை 1 என்றும் "-டி" தேர்வில் கொடுங்கள். பழைய கன்ஸ்ட்ரக்டர் உள்ள கோப்பில், "கிளாஸின் பெயரே கொண்ட மெத்தட்கள் வருங்காலப் பதிப்பில் கன்ஸ்ட்ரக்டராக இருக்காது" என்ற பொருளில் ஒரு வரி வரும். கிளாஸின் பெயரும் அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் திரட்டினால் அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

இத்தனை வருடம் ஓடிய சர்வரில் இந்த எச்சரிக்கை ஏன் கண்ணில் படவில்லை என்று எனக்கும் கேள்வி வந்தது. காரணம் இரண்டு. பிஎச்பியோடு வரும் "ப்ரொடக்‌ஷன்" மாதிரி அமைப்புக் கோப்பு டெப்ரிகேட்டட் வகைச் செய்திகளை மறைத்துவிடுகிறது. தவிர, இந்த எச்சரிக்கை கோப்பு கம்பைல் ஆகும் நேரத்தில்தான் வரும். ஓப்கேஷ் (கம்பைல் ஆன நிரலை நினைவில் வைக்கும் நீட்சி) இயங்கினால் 7.x-இல் முதல் முறை கம்பைல் ஆனதும் கோப்பு நினைவில் தங்கிவிடும், எச்சரிக்கை மறுபடி வராது. ஆகவே "லாக்கில் ஒன்றும் இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம்.

ஒரே இடத்தில் மட்டும் "-எல்" ஏமாற்றக்கூடும். ட்ரெயிட் (பல கிளாஸ்கள் பகிரும் மெத்தட் தொகுப்பு) பயன்படுத்தும் கிளாஸ்களுக்கு இந்தச் சோதனை ட்ரெயிட் இணைந்த பிறகுதான் நடக்கும் என்பதால் எச்சரிக்கை தவறிப் போகலாம். அவற்றைக் கண்ணால் பாருங்கள்.

கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் நிரலைச் சோதிக்கும் பிஎச்பி கோட்ஸ்னிஃபரோடு பிஎச்பி கம்பாட்டிபிலிட்டி விதித்தொகுப்பைச் சேர்த்து ஓட்டலாம். ரெக்டர் என்ற கருவி பெயரைத் தானே மாற்றியும் தரும். ஆனால் கருவி மாற்றியதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொரு மாற்றத்தையும் படித்துப் பாருங்கள். ஆறாவது படியில் காரணம் புரியும்.

## 4. பெயரை மாற்றுதல்

பரம்பரை இல்லாத தனிக் கிளாஸ் என்றால் வேலை ஒரு வரிதான்:

பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்($இணைப்பு) {
  $திஸ்->இணைப்பு = $இணைப்பு;
}

முன்னால் இருப்பது இரண்டு அடிக்கோடு. ஒன்று மட்டும் போட்டாலோ, கன்ஸ்ட்ரக்டில் ஓர் எழுத்தை விட்டாலோ பிஎச்பி வாய் திறக்காது. அதையும் ஒரு சாதாரண மெத்தட் என்று எடுத்துக்கொள்ளும், பழைய தவறே புது உருவில் திரும்பி வரும். மாற்றி முடித்ததும், ஒற்றை அடிக்கோட்டில் தொடங்கும் கன்ஸ்ட்ரக்ட் எங்காவது இருக்கிறதா என்று நிரல் முழுக்க ஒரு முறை தேடுங்கள். எனக்கு ஒன்று கிடைத்தது.

கன்ஸ்ட்ரக்டருக்குத் திரும்பும் வகை எழுதக் கூடாது. "வாய்டு" என்று எழுதினாலும் ஃபேட்டல் எரர்தான்.

## 5. தாய்க் கிளாஸ், சேய்க் கிளாஸ்

என் நேரத்தில் பாதிக்கு மேல் போனது இங்கேதான்.

பிஎச்பியில், இன்னொரு கிளாஸை (தாயை) விரித்து எழுதிய சேய்க் கிளாஸுக்குச் சொந்தக் கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் தாயின் கன்ஸ்ட்ரக்டர் தானாக ஓடாது, நாம்தான் அழைக்க வேண்டும். சேய்க்குச் சொந்தமாக இல்லையென்றால் தாயுடையது அப்படியே வந்து சேரும். பழைய நிரலில் தாயை அதன் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்:

கிளாஸ் அபராதம் எக்ஸ்டெண்ட்ஸ் நூல்கணக்கு {
  ஃபங்ஷன் அபராதம்($இணைப்பு) {
    $திஸ்->நூல்கணக்கு($இணைப்பு);
  }
}

தாயை மட்டும் மாற்றிவிட்டுச் சேயை அப்படியே விட்டால், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று 7.4-இலேயே நின்றுவிடும். இது நல்ல உடைப்பு, உடனே தெரிந்துவிடும்.

சேயை மட்டும் மாற்றி, அதில் "பேரன்ட்::__கன்ஸ்ட்ரக்ட்($இணைப்பு)" என்று எழுதி, தாயைப் பழையபடி விட்டால் என்ன ஆகும்? 7.4-இல் ஓடும். தாயின் கன்ஸ்ட்ரக்டர் எந்தப் பெயரில் இருந்தாலும் 7.4 அதைக் கண்டுபிடித்து அழைத்துவிடும். அதே கோப்பு 8-இல் "கன்ஸ்ட்ரக்டரை அழைக்க முடியாது" என்று விழும். ஆகவே 7.4-இல் சோதித்து எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உச்சியில் இருக்கும் தாய், பிறகு அதன் சேய்கள், பிறகு பேரக் கிளாஸ்கள். ஒரு குடும்பத்தை முழுதாக முடித்து கிட்டில் கமிட் செய்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போங்கள். நான் முதலில் கோப்புறை வரிசையில் போனேன், பாதி மாறியும் மாறாமலும் குழம்பி, எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று.

சேய்க் கிளாஸ்கள் உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் தரும் நூலகத்தை வேறு பலர் விரித்து எழுதியிருப்பார்கள். அப்போது தாயில் ஒரு பாலம் போட வேண்டும்:

பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்($இணைப்பு) {
  $திஸ்->இணைப்பு = $இணைப்பு;
}
பப்ளிக் ஃபங்ஷன் நூல்கணக்கு($இணைப்பு) {
  செல்ஃப்::__கன்ஸ்ட்ரக்ட்($இணைப்பு);
}

பாலத்துக்குள் "$திஸ்->" என்று எழுதிவிடாதீர்கள். "$திஸ்" என்பது அந்த நேரத்தில் சேய் ஆப்ஜெக்ட். சேயிடம் புதிய முறைக் கன்ஸ்ட்ரக்டர் இருந்து, அது தாயைப் பழைய பெயரில் அழைத்தால், பாலம் திரும்பவும் சேயின் கன்ஸ்ட்ரக்டரையே அழைக்கும், அது மறுபடி பாலத்துக்கு வரும். இப்படியே சுற்றி நினைவகம் தீர்ந்து நிரல் சாகும். "செல்ஃப்::" என்று எழுதினால் தாயின் கன்ஸ்ட்ரக்டரே ஓடும். 5.x-இலும் ஓட வேண்டிய நிரல் என்றால் புதியதை மேலே, பாலத்தைக் கீழே வையுங்கள். மாற்றி வைத்தால் கன்ஸ்ட்ரக்டரை மறுவரையறை செய்கிறாய் என்று அங்கே ஒரு செய்தி வரும்.

வேர்ட்பிரஸ் இந்த வழியில்தான் போனது. 2015 ஆகஸ்டில் வந்த 4.3 பதிப்பில் விட்ஜெட்டின் தாய்க் கிளாஸில் பழைய பெயரை உடனே நீக்காமல், அது அழைக்கப்பட்டால் எச்சரிக்கும்படி வைத்தார்கள். உங்கள் தளத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பழைய விட்ஜெட் ப்ளக்கின் இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

## 6. கன்ஸ்ட்ரக்டராக நினைத்தே எழுதாதவை

மெத்தட் பெயரில் பிஎச்பி ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஃபில்டர் என்ற கிளாஸில் வடிகட்டும் வேலைக்காக ஃபில்டர் என்றே ஒரு மெத்தட் எழுதியிருந்தால், நேம்ஸ்பேஸ் இல்லாத நிரலில் அது 7.4 வரை கன்ஸ்ட்ரக்டராகவும் ஓடியிருக்கும். எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாவது படியின் பட்டியலில் இவையும் வரும். இவற்றைக் கண்மூடித்தனமாகப் பெயர் மாற்றினால் மெத்தடை நேரே அழைக்கும் இடங்கள் எல்லாம் உடையும். கருவியை நம்பிவிடாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். அந்த மெத்தட் ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓட வேண்டியதா, வேறு எங்காவது பெயர் சொல்லி அழைக்கப்படுகிறதா என்று தேடிப் பாருங்கள். வெறும் மெத்தட்தான் என்று உறுதியானால் அதை விட்டுவிட்டு, மேலே காலியான ஒரு "__கன்ஸ்ட்ரக்ட்" சேருங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை எல்லாப் பதிப்பிலும் ஒரே மாதிரி நடக்கும், எச்சரிக்கையும் நிற்கும்.

## 7. இரண்டு பதிப்பிலும் ஒப்பிட்டுப் பார்த்தல்

சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். கிளாஸ் கோப்புகள் எல்லாவற்றையும் ஏற்றி, அறிவிக்கப்பட்ட கிளாஸ்களின் பட்டியலை எடுத்து, பிஎச்பியின் சொந்தக் கிளாஸ்களை நீக்கிவிட்டு, மீதி ஒவ்வொன்றுக்கும் ரிஃப்ளெக்‌ஷன் கிளாஸின் கெட்கன்ஸ்ட்ரக்டர் என்ன தருகிறது என்று அச்சிடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அதன் பெயர் கிடைக்கும், இல்லையென்றால் நல்.

மாற்றுவதற்கு முந்தைய நிரலை 7.4-இல் ஓட்டி ஒரு பட்டியல், மாற்றிய நிரலை 8-இல் ஓட்டி இன்னொரு பட்டியல். முதலாவதில் பெயர் இருந்து இரண்டாவதில் நல் என்று வரும் கிளாஸ் எதுவோ, அதுதான் நீங்கள் தவறவிட்டது. எழுத அரை மணி நேரம் ஆனது. எனக்கு இது இரண்டு கிளாஸ்களைப் பிடித்துக் கொடுத்தது, அதில் ஒன்று நான்காவது படியில் சொன்ன ஒற்றை அடிக்கோடு. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

## 8. புது வசதிகளை எப்போது எடுத்துக்கொள்வது

பெயர் மாற்றும் வேலையையும் புது எழுத்துமுறைக்கு மாறும் வேலையையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். முதல் வேலை சர்வரில் சரியாக ஓடட்டும்.

பிறகு, உங்கள் நிரல் ஓட வேண்டிய மிகக் குறைந்த பதிப்பு எது என்று பாருங்கள். அதற்குத் தெரியாத எழுத்துமுறை ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பு முழுதும் பார்ஸ் எரராகிவிடும்.

8.0 முதல் ப்ராபர்ட்டியை (கிளாஸின் உள் மாறியை) தனியாக அறிவிக்காமல் கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குள்ளேயே அறிவிக்கலாம்:

பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(பிரைவேட் மைசீக்வல்ஐ $இணைப்பு) {}

மூன்று இடத்தில் எழுதிய பெயர் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. மேலே அதே ப்ராபர்ட்டியை மறுபடி அறிவித்தால் ஃபேட்டல் எரர் வரும், பழைய "வார்" வரியை நீக்க மறக்காதீர்கள். 8.1 முதல் அதோடு "ரீட்ஒன்லி" சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் உருவான பின் யாரும் மதிப்பை மாற்ற முடியாது. முன்னிருப்பு மதிப்பாக "நியூ" போட்டு ஓர் ஆப்ஜெக்டையே கொடுக்கவும் 8.1 முதல் முடியும்.

ப்ராபர்ட்டிக்கு வகை எழுதுவது 7.4-இலிருந்தே உண்டு. இதை நான் பலமாகப் பரிந்துரைக்கிறேன். வகை எழுதாத ப்ராபர்ட்டி நல் என்று தொடங்கும், அதனால்தான் என் தவறு அவ்வளவு தூரம் ஒளிந்திருந்தது. வகை எழுதிய ப்ராபர்ட்டிக்கு மதிப்பு கொடுக்காமல் படித்தால், மதிப்பு கொடுக்குமுன் தொடக்கூடாது என்று அந்த இடத்திலேயே ப்ராபர்ட்டியின் பெயரோடு பிழை வரும்.

ஃபங்ஷனின் அடைப்புக்குள் வாங்கும் மதிப்புக்கு வகையும் எழுதி, முன்னிருப்பு நல் என்றும் எழுதும் பழக்கம் இருந்தால் வகைக்கு முன் ஒரு கேள்விக்குறி சேருங்கள். கேள்விக்குறி இல்லாமல் எழுதுவது 8.4-இல் டெப்ரிகேட்டட் ஆகிவிட்டது. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ப்ராபர்ட்டி அறிவிக்கும் முறையில் அது 8.0-இலிருந்தே செல்லாது.

ஜாவா பழகி வருகிறவர்களுக்கு ஒன்று: ஒரே கிளாஸில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் இங்கே முடியாது. ஆப்ஜெக்ட் இல்லாமலே அழைக்கக்கூடிய ஸ்டாட்டிக் மெத்தட்கள் இரண்டு எழுதி, அவை "நியூ செல்ஃப்" தரும்படி செய்துகொள்ளுங்கள்.

## 9. சர்வரில் ஏற்றும் நாள்

என்னுடையது 23 கிளாஸ்கள். தேட ஒரு மாலை, மாற்ற இரண்டு மாலை, ஒப்பிட்டுச் சோதிக்க ஒரு மாலை. பாலம் தேவைப்படும் நூலகம் என்றால் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாற்றிய நிரலை முதலில் பழைய பதிப்பிலேயே ஏற்றி ஒரு வாரம் ஓடவிடுங்கள். "__கன்ஸ்ட்ரக்ட்" 7.4-க்கும் தெரியும் என்பதால் இதில் ஆபத்து இல்லை. தவறு வந்தால் அது உங்கள் மாற்றத்தால் வந்தது, பதிப்பால் இல்லை என்று தெளிவாகத் தெரியும். எட்டாவது படியின் மாற்றங்களை இதற்குள் சேர்க்காமல் வைத்திருங்கள்.

பதிப்பை மாற்றும் நாளில் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் சேவையை மறுதொடக்கம் செய்து, டெப்ரிகேட்டட் உட்பட எல்லாச் செய்திகளையும் லாக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், திரையில் காட்ட வேண்டாம். மாத முடிவில், கட்டணம் வசூலிக்கும் நாளில், அரசுக்குக் கணக்கு அனுப்பும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். மாற்றிய மறுநாள் பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பழைய தரவோடு ஓட்டி, முந்தைய மாத எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். எந்த இடத்திலாவது எதிர்பாராத சுழியம் இருந்தால் அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைத் திறங்கள்.